சாய்ந்த மைதானமும் அலெக் ஸ்டாக்கும்

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டார்செட் மாவட்டத்தில், விம்போர்ன் என்ற ஊரில், எண்பத்து நான்கு வயது முதியவர் ஒருவர் காலமானார். அலெக் ஸ்டாக் என்பது அவர் பெயர். வாழ்நாளில் பெரும்பகுதியைக் கால்பந்துக் குழுக்களுக்கு மானேஜராக இருப்பதிலேயே செலவிட்டவர் அவர். வெம்பிளி மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கத் தம் குழுவுக்குக் கோப்பை வாங்கித் தந்ததுண்டு. வேறொரு குழுவை அழைத்துச் சென்று அதே மைதானத்தில் தோற்றுத் திரும்பியதும் உண்டு. ஆயினும் அவர் மறைந்தபோது அவரை நினைந்தவர்கள் பெரும்பாலும் அவற்றிலிருந்து தொடங்கவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மூடுபனி சூழ்ந்த ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், சாய்வான ஒரு மைதானத்தில் அவர் அடித்த ஒரு கோலிலிருந்து தொடங்கினார்கள்.

அந்தப் பிற்பகலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். விளையாட்டைப் பற்றிய பேச்சு வரலாறு ஆகுமா என்று உங்களில் சிலர் ஐயுறலாம். அரசர்கள் முடி சூடிய நாள்களையும் போர்க்களங்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தே பழகியவர்களுக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. ஒரு நாட்டு மக்கள் பஞ்சமும் பங்கீடுமாக வாழ்ந்த காலத்தில் எதைக் கண்டு மகிழ்ந்தார்கள், எந்தக் கதவு அவர்களுக்குத் திறந்தது, எது திறக்கவில்லை என்று அறிவதும் வரலாற்றின் பாற்பட்டதே என்பது என் கருத்து.

முதலில் இங்கிலாந்தின் கால்பந்து அமைப்பைச் சிறிது விளக்கிவிடுகிறேன். அந்நாட்டில் இரண்டு பெரும் போட்டிகள் உண்டு. ஒன்று 1871இல் தோன்றிய எப். ஏ. கோப்பைப் போட்டி. மற்றொன்று 1888இல் தோன்றிய கால்பந்து லீக். லீக் என்பது சில கழகங்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கம். நாம் பேசும் 1949ஆம் ஆண்டில் அதில் 88 கழகங்கள் இருந்தன. முதற் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவின் வடபகுதி, அதன் தென்பகுதி என்று நான்கு வகுப்புகள். வகுப்புக்கு இருபத்திரண்டு கழகங்கள். இந்த 88க்கு வெளியே சிற்றூர்களிலும் தொழில் நகரங்களிலும் எத்தனையோ கழகங்கள் இருந்தன. அவற்றை லீக்கில் சேராத கழகங்கள் என்பார்கள். அவற்றின் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சி பெற்று, சனிக்கிழமை தோறும் ஆடுபவர்கள்.

எப். ஏ. கோப்பையில் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. அதில் யாரும் பெயர் கொடுக்கலாம். சீட்டுக் குலுக்கி எதிரியைத் தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்துக் குழுவுக்கும் நாட்டின் தலைசிறந்த குழுவுக்கும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் பந்தயம் அமையக்கூடும். லீக்கின் கதவோ அன்று வேறு விதமாக இருந்தது. வெளியே இருந்த கழகம் எத்தனை வெற்றி பெற்றாலும் தானாக உள்ளே நுழைய முடியாதிருந்தது. மூன்றாம் பிரிவுகளின் அடிமட்டத்தில் நின்ற கழகங்கள் மீண்டும் இடம் வேண்டி விண்ணப்பிக்கும். வெளியிலிருந்து விரும்பும் கழகங்களும் விண்ணப்பிக்கும். லீக்கின் கழகங்களே வாக்களித்து முடிவு செய்யும். உறுப்பினர் உறுப்பினரையே காப்பாற்றுவது உலக வழக்கம். பழைய கழகங்களே பெரும்பாலும் மறுபடியும் இடம் பெற்றன. ஆடி வெல்லும் கோப்பை ஒரு வழி, வாக்குப் பெற்று நுழையும் லீக் மற்றொரு வழி என்ற இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யோவில் என்பது சாமர்செட் மாவட்டத்தில் உள்ள நடுத்தரமான ஊர். தோல் கையுறை தைக்கும் தொழிலுக்குப் பல தலைமுறைகளாகப் பெயர் பெற்றது. அவ்வூர்க் கால்பந்துக் குழுவைக் ‘கையுறைக்காரர்கள்’ என்றே செல்லமாக அழைப்பார்கள். வெஸ்ட்லாண்ட் என்னும் விமானத் தொழிற்சாலையும் அங்கே இருந்தது. ஊர்க் கழகமான யோவில் டவுன், லீக்குக்கு வெளியே, சதர்ன் லீக் என்னும் போட்டியில் ஆடிவந்தது. 1946இல் அக்கழகத்துக்கு மானேஜராக வந்தவர்தான் அலெக் ஸ்டாக்.

அவரும் அந்த மாவட்டத்தின் மண்ணில் பிறந்தவரே. 1917ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், சாமர்செட் நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த பீஸ்டவுன் செயின்ட் ஜான் என்ற சிற்றூரில் பிறந்தார். போருக்கு முன் லண்டனில் சார்ல்டன், குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஆகிய கழகங்களில் ஆடினார். இருபத்திரண்டு வயதில், ஓர் ஆட்டக்காரன் முழு வலிமையோடு மலரவேண்டிய பருவத்தில், உலகப் போர் வந்தது. ஸ்டாக் டாங்கிப் படையில் சேர்ந்தார். 1944இல் நார்மண்டியில் கான் நகருக்கருகே காயமுற்றார். போர் முடிந்தபோது வயது இருபத்தெட்டு ஆகியிருந்தது. ஓர் ஆட்டக்காரனுக்கு வாய்க்கும் நல்ல ஆண்டுகளில் ஆறு போரோடு போய்விட்டன. அவரது தலைமுறையில் இப்படி இளமையைப் போருக்குக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர் மட்டும் தனியாக இரங்கத்தக்கவர் அல்லர். இருந்தாலும் அந்த இழப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை.

யோவிலில் அவர் ஏற்ற பதவியை ‘ஆடும் மானேஜர்’ என்பார்கள். குழுவைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சி தருவதும் அவரே. சனிக்கிழமையன்று சட்டையை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் ஆடுவதும் அவரே. சிறிய கழகத்தில் மானேஜர் என்பவர் கடிதம் எழுதும் எழுத்தராகவும், பணத்தைக் கணக்கிடும் காரியதரிசியாகவும் இருக்கவேண்டியிருக்கும். ஸ்டாக் செயலாளர் வேலையையும் சேர்த்தே பார்த்தார்.

அந்தக் காலத்து இங்கிலாந்தை இப்போது கற்பனை செய்து பாருங்கள். போரில் வென்ற நாடுதான். ஆனால் வென்றவர்களின் வீட்டில் முட்டைக்கும் இறைச்சிக்கும் பங்கீட்டு அட்டை. துணிகூட 1949 மார்ச்சு வரை பங்கீட்டில்தான் கிடைத்தது. குண்டு விழுந்த கட்டடங்கள் பல இன்னும் எடுத்துக் கட்டப்படவில்லை. செலவழிக்கக் கையில் கொஞ்சம் கூலி உண்டு. வாங்கக் கடையில் பொருள் இல்லை. மக்கள் என்ன செய்வார்கள்? கால்பந்து மைதானத்துக்குப் போனார்கள். 1948-49ஆம் பருவத்தில் லீக் பந்தயங்களைப் பார்க்க நான்கு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச் சீட்டுகள் விற்றன. அதற்கு முன்னும் பின்னும் இங்கிலாந்தின் லீக் அவ்வளவு கூட்டத்தைக் கண்டதில்லை.

அந்தப் பருவத்தில்தான் கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்றில் யோவில், இரண்டாம் பிரிவைச் சேர்ந்த பெரி கழகத்தை மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. அடுத்த சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது எதிரியாக வந்தது சண்டர்லாந்து.

சண்டர்லாந்து அன்று எப்படிப்பட்ட கழகம்? ஆறு முறை லீக்கின் முதலிடம் பெற்றது; 1937இல் கோப்பையையும் வென்றது; லீக்கில் சேர்ந்த 1890ஆம் ஆண்டு முதல் முதற் பிரிவை விட்டு இறங்கியதே இல்லை. அதற்கு வேடிக்கையாக இட்ட பெயர் ‘இங்கிலாந்து பாங்கிக் கழகம்.’ பணத்தை அள்ளி வீசி ஆட்டக்காரர்களை வாங்குவதால் வந்த பெயர் அது. லென் ஷாக்கில்டன் என்ற மாயக்கால் ஆட்டக்காரரை 1948 பிப்ரவரியில் நியூகாசில் கழகத்திடமிருந்து 20,050 பவுன் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதுவரை பிரிட்டனில் ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்கு எவரும் அவ்வளவு தொகை தந்ததில்லை.

இங்கே ஓர் இடைச்செருகல். இருபதினாயிரம் பவுன் ஷாக்கில்டனின் சட்டைப் பைக்குள் போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஆட்டக்காரர் யாராயினும் வாரத்துக்கு 12 பவுனுக்கு மேல் சம்பளம் தரலாகாது என்பது அன்றைய விதி. கழகத்திலிருந்து கழகத்துக்குப் போன பெருந்தொகை வேறு. பந்தை உதைத்தவர் பெற்ற கூலி வேறு. அந்த விதி 1961 வரை இருந்தது. அதை மறைவாக மீறிப் பணம் கொடுத்ததற்காக 1957இல் தண்டனை பெற்ற கழகம் வேறு எதுவும் அன்று, இதே சண்டர்லாந்துதான்.

இத்தகைய எதிரியை எதிர்கொள்ள ஸ்டாக்கிடம் என்ன இருந்தது? ஒரு மைதானம் இருந்தது. யோவில் கழகத்தின் ஹுயிஷ் மைதானம் ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறுபக்கக் கோட்டுக்குச் சாய்ந்து கிடந்தது. சாய்வு ஆறு முதல் எட்டு அடி வரை என்று பலவாறாகச் சொல்வர். நெடுக்குவாட்டில் சாய்ந்திருந்தால் ஒரு குழுவுக்குப் பள்ளமும் மற்றதற்கு மேடுமாக இருந்து, இடைவேளைக்குப் பின் சரியாகிவிடும். குறுக்குவாட்டில் சாய்ந்த மைதானத்தின் வேலை வேறு. முதற்பாதியில் இடப்பக்கம் பள்ளமாக இருந்தவனுக்கு, திசை மாறிய பின் வலப்பக்கம் பள்ளம். பழகாதவன் குறுக்கே தட்டும் பந்து, அவன் நினைத்த இடத்தில் நில்லாமல் கீழ்க்கோட்டை நோக்கி உருண்டுவிடும். மேல்நோக்கித் தட்டினால் பாதி வழியில் நின்றுவிடும்.

ஸ்டாக் இந்தச் சாய்வை மைதானத்தில் பயன்படுத்தினாரோ இல்லையோ, பத்திரிகைகளில் நன்றாகப் பயன்படுத்தினார். லண்டன் நிருபர்கள் யோவிலைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு ஸ்டாக் நாள்தோறும் ஒரு செய்தி தந்தார். சாய்வு நாளுக்கு நாள் செங்குத்தாயிற்று! ஆட்டக்காரர்களுக்கு முட்டையும் குளூகோசும் ஷெர்ரி மதுவும் கலந்து ஊட்டம் தரப்படுகிறது என்றும் செய்தி வந்தது. முட்டைக்குப் பங்கீடு இருந்த நாட்டில் இதைவிடக் கவர்ச்சியான செய்தி இருக்க முடியுமா?

ஸ்டாக்குக்கு ஒரு முன்னோடி இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1948 ஜனவரியில் லீக்குக்கு வெளியே இருந்த கோல்செஸ்டர் கழகம், முதற் பிரிவைச் சேர்ந்த ஹடர்ஸ்பீல்டைக் கோப்பையில் ஒரு கோலால் வென்றிருந்தது. அதன் ஆடும் மானேஜர் டெட் பென்டன், எதிரியை வெல்லத் தனித் திட்டம் வைத்திருப்பதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பெயர் பெற்றார். ஓராண்டுக்குப் பின் ஸ்டாக் அந்தக் கலையை மேலும் வளர்த்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சாய்வினால் சண்டர்லாந்து தோற்றது என்று பின்னாளில் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். அதை நான் ஏற்பதில்லை. பத்து ஆண்டு பழகிய தொழில்முறை ஆட்டக்காரன் அரைமணி நேரத்தில் எந்தத் தரையையும் புரிந்துகொள்வான். அவன் தரையைப் பற்றிய கவலையோடு வந்து இறங்கினான் என்பதே பெரிது. அந்தக் கவலையை ரயில் ஏறுமுன்பே அவன் மனத்தில் ஏற்றிவைத்தவர் ஸ்டாக்.

1949ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள். ஹுயிஷ் மைதானத்தில் ஏறத்தாழ 16,000 பேர் நெருக்கியடித்து நின்றார்கள். யோவிலின் வழக்கமான கோல்கீப்பர் காயமுற்றிருந்தார். அவருக்குப் பதிலாக நின்றவர் டிக்கி டைக் என்ற இளைஞர். அவர் தொழில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. முதற் குழுவில் ஆடிய அனுபவம் அவருக்கு மிகச் சொற்பம். வெள்ளிக்கிழமை வரை பத்திரங்களையும் வழக்குக் கட்டுகளையும் புரட்டிக்கொண்டிருந்த கைகள், சனிக்கிழமை பிற்பகல் ஷாக்கில்டனின் பந்தைப் பிடிக்கவேண்டும்.

ஆட்டம் தொடங்கி இருபத்தெட்டாம் நிமிடத்தில் யோவில் ஒரு கோல் போட்டது. போட்டவர் அலெக் ஸ்டாக்கே. குழுவைத் தேர்ந்தெடுத்தவர், நிருபர்களுக்குக் கதை சொன்னவர், கழகத்தின் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர், அவரே பந்தை வலைக்குள் அனுப்பினார். முப்பத்தோரு வயது, போரில் பட்ட காயம் ஆறிய உடல். அந்தக் கணத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நமக்குச் சொல்ல வழியில்லை. மைதானம் என்ன செய்தது என்று ஊகிப்பது எளிது.

பெரிய கழகம் அத்துடன் அடங்கிவிடுமா? இரண்டாம் பாதியில் சண்டர்லாந்தின் ஜாக்கி ராபின்சன் கோலடித்துக் கணக்கைச் சமன் செய்தார். அதன் பிறகு வழக்கமாக என்ன நடக்கும்? சிறிய குழு களைத்துப்போகும். பெரிய குழு இரண்டு மூன்று கோல் போட்டு வீடு திரும்பும். அன்று அப்படி நடக்கவில்லை. டைக் நிதானமாகப் பந்துகளைத் தடுத்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

பழைய வழக்கப்படி இத்துடன் பந்தயம் நின்று, வார நடுவில் சண்டர்லாந்தின் சொந்த மைதானத்தில் மறுபந்தயம் நடந்திருக்கும். அங்கே யோவிலின் கதை முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போருக்குப் பின் உற்பத்தியைப் பெருக்கப் பாடுபட்ட அக்காலத்தில், வார நடுவில் பந்தயம் வைத்தால் தொழிலாளர் வேலைக்கு வராமல் போய்விடுவர் என்ற அச்சம் இருந்தது. ஆகவே முதற் பந்தயத்திலேயே அரைமணி நேரம் அதிகப்படியாக ஆடி முடிவு காணவேண்டும் என்று ஏற்பாடு. நிலக்கரிச் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் ஆள் குறையாதிருக்கச் செய்த ஓர் ஏற்பாடு, யோவில் ஊருக்கு அரைமணி நேரத்தைத் தானமாகக் கொடுத்தது. வரலாற்றில் பெரிய காரணங்களோடு இத்தகைய சிறிய காரணங்களும் கலந்தே வேலை செய்கின்றன.

அதற்குள் மைதானத்தின்மேல் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. அதிகப்படி நேரத்தின் முதற் பாதி முடியுந் தறுவாயில், ஷாக்கில்டன் தட்டிவிட்ட பந்து தவறி யோவிலின் ரே ரைட்டிடம் வந்தது. அவர் அதை முன்னே தள்ள, எரிக் பிரையன்ட் ஓடிப்போய்க் கோலாக்கினார். நூற்று நான்காம் நிமிடம். யோவில் இரண்டு, சண்டர்லாந்து ஒன்று. இருபதினாயிரத்து ஐம்பது பவுன் கால்கள் செய்த பிழை என்று ஷாக்கில்டனைப் பின்னர் பலர் எள்ளினார்கள். அந்தப் பிழையைப் பிடித்துக்கொள்ள அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்த இருவர் அங்கே இருந்தார்கள் என்பதை எள்ளியவர்கள் கவனிக்கவில்லை. மீதி நேரம் முழுதும் பனிக்குள் சண்டர்லாந்து முட்டி மோதிப் பார்த்தது. கோல் விழவில்லை.

இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 12ஆம் நாள், ஐந்தாம் சுற்றில் யோவில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தைச் சந்தித்தது. யுனைடெட் கழகத்தின் சொந்த மைதானம் போரில் குண்டு வீச்சால் சேதமுற்றிருந்தமையால், அண்டைக் கழகத்தின் மெயின் ரோடு மைதானத்தில் பந்தயம் நடந்தது. 81,565 பேர் பார்த்தார்கள். யோவில் எட்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. ஜாக் ரௌலி ஒருவரே ஐந்து கோல் போட்டார். அங்கே சாய்வும் இல்லை, பனியும் இல்லை. நான் இதைச் சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம், சுருக்கமாகச் சொல்ல மட்டுமே அதில் விஷயம் இருப்பதுதான்.

இனி, முதலில் சொன்ன கதவுக்கு வருவோம். அந்த வெற்றியால் யோவிலுக்கு என்ன கிடைத்தது? 1950இல் லீக், 88 கழகங்களை 92 ஆக உயர்த்தியது. நான்கு புதிய கழகங்கள் சேர்க்கப்பட்டன. பென்டன் வெற்றி தேடித் தந்த கோல்செஸ்டர் அவற்றுள் ஒன்று. யோவில் சேர்க்கப்படவில்லை. அதன் பின்னும் அக்கழகம் பன்முறை விண்ணப்பித்தது. ஒருமுறை மிகச் சில வாக்குகளில் தவறியது. கோப்பைப் பந்தயங்களிலோ லீக் கழகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தியது. தோற்றவர்களைவிட வென்ற கழகம் தாழ்ந்தே நின்றது. 1986-87ஆம் பருவத்தோடு வாக்கெடுப்பு முறை ஒழிந்து, வெளியே முதலிடம் பெறும் கழகம் தானாக லீக்கில் நுழையலாம் என்ற விதி வந்தது. அந்த விதியின்படி யோவில் லீக்கில் நுழைந்த ஆண்டு 2003. சண்டர்லாந்தை வென்று ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன; ஸ்டாக் மறைந்தும் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஊர் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் மானேஜர் நிற்கவில்லை. 1949ஆம் ஆண்டிலேயே ஸ்டாக் லண்டனில் லேட்டன் ஓரியன்ட் கழகத்துக்குப் போனார். கதவு ஊருக்குத் திறக்காமல் ஒரு மனிதருக்குத் திறந்தது. இதை நன்றிக்கேடு என்று சொல்வாரும் இருக்கலாம். மனைவி மக்களோடு வாழும் ஒருவர் தம் தொழிலில் உயரும் வாய்ப்பை ஏற்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்படி ஒவ்வொரு திறமைசாலியும் மேலே போய்விட, சிற்றூர்க் கழகம் மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மையே. இரண்டும் உண்மையாக இருக்கும்போது வரலாற்று மாணவன் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அவருடைய பிற்கால வாழ்வை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் ஓரியன்ட் மூன்றாம் பிரிவின் தென்பகுதியில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு புகழ்மிக்க ஆர்சனல் கழகத்துக்கு உதவி மானேஜராகப் போய், ஐம்பத்து மூன்றே நாளில் திரும்பிவிட்டார். 1957இல் இத்தாலியில் ரோமா கழகம். அங்கும் சில மாதங்களே. பெரிய மாளிகைகளில் அவருக்குத் தூக்கம் வரவில்லை போலும். 1959 முதல் தம் பழைய கழகமான குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸில் மானேஜராக அமர்ந்தபோதுதான் மறுபடியும் அவர் கை ஓங்கியது. 1966-67ஆம் பருவத்தில் அக்கழகம் 103 கோல் போட்டு மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்றது. 1967 மார்ச்சு 4ஆம் நாள் லீக் கோப்பையின் இறுதிப் பந்தயம் முதன்முறையாக வெம்பிளியில் நடந்தது. எதிரி முதற் பிரிவைச் சேர்ந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன். பாதி நேரத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி நின்ற ஸ்டாக்கின் குழு, ராஜர் மார்கன், ராட்னி மார்ஷ், மார்க் லாசரஸ் ஆகியோர் அடித்த கோல்களால் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. அந்தக் கோப்பையை வெல்பவர்க்கு ஐரோப்பியப் போட்டியொன்றில் இடம் உண்டு. ஆனால் முதற் பிரிவில் இருந்தால்தான் உண்டு என்பது அன்றைய விதி. மூன்றாம் பிரிவுக் கழகத்துக்கு இடம் தரப்படவில்லை. மறுபடியும் ஒரு கதவு!

அடுத்த ஆண்டு அக்கழகம் முதற் பிரிவுக்கே உயர்ந்தது. ஆனால் அந்த உயரத்தில் அதை நடத்த ஸ்டாக் இல்லை. ஆஸ்துமா நோய் வாட்டியது, 1968இல் விலகினார். பின்பு லூட்டன், அதன் பின் புல்ஹாம். லூட்டனில் இருக்கையில் மால்கம் மக்டானல்ட் என்ற இளைஞரைப் புல்ஹாமிலிருந்து 17,500 பவுனுக்கு வாங்கினார். 1971இல் நியூகாசில் கழகம் அதே இளைஞருக்கு லூட்டனிடம் 1,80,000 பவுன் கொடுத்தது. ஆளறியும் கண் என்பது இதுதான்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு சிறு விளையாட்டைக் காட்டுகிறது. யோவிலுக்குப் பிறகு லீக்கில் சேராத எந்தக் கழகமும் இருபத்துமூன்று ஆண்டுகளாக முதற் பிரிவுக் கழகத்தைக் கோப்பையில் வெல்லவில்லை. 1972 பிப்ரவரி 5ஆம் நாள் ஹெரபோர்டு கழகம் நியூகாசிலை வென்றது. அதுவும் இரண்டுக்கு ஒன்று. அதுவும் அதிகப்படி நேரத்தில். அதுவும் ஆடும் மானேஜர் ஒருவரின் குழுவால். அன்று நியூகாசிலுக்கு விழுந்த ஒரே கோலை அடித்தவர் ஸ்டாக் கண்டெடுத்த மக்டானல்ட். ஹெரபோர்டு அதே ஆண்டு வாக்குப் பெற்று லீக்கில் சேர்க்கப்பட்டது. யோவில் வெளியே நின்று பார்த்தது.

1975இல் இரண்டாம் பிரிவிலிருந்த புல்ஹாமை ஸ்டாக் எப். ஏ. கோப்பையின் இறுதிப் பந்தயத்துக்கு அழைத்துச் சென்றார். உலகக் கோப்பையை ஏந்திய பாபி மூர் அவர் குழுவில், தம் முன்னாள் கழகமான வெஸ்ட் ஹாமுக்கு எதிராக ஆடினார். புல்ஹாம் இரண்டு கோலால் தோற்றது. யோவிலில் தொடங்கிய கோப்பைப் பயணம் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து இறுதி நாளைத் தொட்டு, அங்கே நின்றது.

அவர் 1982இல் எழுதிய சுயசரிதைக்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பெருமிதம் என்னும் ஒரு சிறு பொருள்’ என்று ஆகும். 1990களில் தொலைக்காட்சியில் வந்த ஒரு நகைச்சுவைப் பாத்திரம், பழங்கதை பேசிப் பேசி எங்கெங்கோ அலையும் முதிய கால்பந்து மானேஜர், ஸ்டாக்கைப் பார்த்துப் படைக்கப்பட்டது என்று சொல்வர். இளைய தலைமுறையில் பலர் அவரை அந்த நகைப்பின் வழியாகவே அறிந்தனர். நல்ல உடையும் மென்மையான பேச்சும் உடைய ஒரு பெரியவருக்கு இது நேர்ந்தது சிறிது வருத்தமே. ஆனாலும் நிருபர்களைக் கூட்டி வைத்துச் சாய்வை ஒவ்வொரு நாளும் ஓரடி கூட்டிச் சொன்னவர் அவர்தானே. கதை சொல்பவருக்குத் தம்மைப் பற்றிய கதை பிறப்பதில் கோபம் இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

யோவில் கழகம் 2013இல் இரண்டாம் நிலைப் பிரிவு வரை ஏறியது, ஓராண்டே அங்கிருந்தது. பின்பு படிப்படியாக இறங்கி 2019இல் மீண்டும் லீக்குக்கு வெளியே வந்தது. ஹுயிஷ் மைதானத்தைக் கழகம் 1990இல் விட்டு நீங்கி, ஊரின் வேறொரு பக்கத்தில் புது மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய இடத்தில் ஒரு பெரிய மளிகைக் கடை எழுந்தது. ஷாக்கில்டன் தவறித் தட்டிய பந்து உருண்ட தரையின்மேல் மக்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு முட்டையும் ரொட்டியும் வாங்கினார்கள். புது மைதானம் சமதரை.